சம்மந்தி போட்ட ஆட்டின் ஏழு

நெய்யூர்,
திங்கட்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் பிரீனாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அம்மையும் சுகமாக இருக்கிறோம், அம்மைக்கு முட்டுவலி பழையபடிதான், எனக்குச் சர்க்கரை கூடவும் இல்லை குறையவும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே என்று அடுத்த வரி எழுதவேண்டும், மூன்று வருசமாகப் போனில் வாயில் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது, இன்றைக்கு அதை எழுதப்போய் முடியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய்க் கோழிக்குத் தண்ணி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ சுகமா மக்களே. உன்னை மட்டும் கேட்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், நம்ம வீட்டுப் போனுக்கு ரகசியம் தெரியாது, நீ விளித்தால் உன் அம்மை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் ஹலோ சொல்லுவாள், வாட்ஸ்அப்பில் நான் ஒரு வரி தட்டினாலும் பக்கத்தில் வந்து நின்று யாருக்கு, என்னதுக்கு என்பாள். கிழக்கு வீட்டுப் பெபிஷா லீவு முடிந்து வியாழக்கிழமை அயர்லாந்துக்குத் திரும்புகிறாள், ஏத்தங்காய் சிப்ஸோடு இந்தக் கவரையும் அவள் பெட்டிக்குள் வைக்கக் கொடுக்கப்போகிறேன். உன் அம்மை பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், நாலு மணிக்கு வந்துவிடுவாள், அதற்குள் எழுதி ஒட்டிவிடவேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் அவசரம் என்று எடுத்துக்கொள், மற்றபடி என் எழுத்து எப்போதுமே கோணல்தான்.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அதில் இருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. முந்தாநாள் சனிக்கிழமை உன் மாமனார் வீட்டுக்கு, இரணியலுக்குப் போனேன். சனிக்கிழமைதோறும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் எதற்கு அங்கே போகிறேன் என்று உனக்குத் தெரியும், உன் அம்மைக்கும் தெரியும், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டாள், காட்டினால் சீட்டு பாவம் என்று தடுக்கவேண்டி வரும் அல்லவா, சபைக் கமிட்டியில் இருக்கிறவன் பெண்டாட்டி. அங்கே கார் ஷெட்டில் நாங்கள் நாலு பேர். ஆபேல் சம்மந்தி, நான், குளச்சலில் போட் எஞ்சின் பார்க்கிற கிளீட்டஸ், பலசரக்குக் கடை கிருஷ்ணமணி. காசு கிடையாது, தோற்றவன் அடுத்த வாரம் பழ பஜ்ஜி வாங்கவேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு நான் அவசரத்தில் என் கண்ணாடிக்குப் பதில் உன் அம்மையின் கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன், அந்த ரோஸ் பிரேம் உள்ளது. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததே ஒரு காட்சி, கிளீட்டஸ் எழுந்து நின்று வணக்கம் டீச்சர் என்றான். அதோடு போயிருந்தால் பரவாயில்லை.

நீ சீட்டைக் கையால் தொட்டதில்லை, அதனால் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் பின்னால் நான் சொல்லப்போவது உனக்குப் பிடிபடும், பொறுத்துக்கொள். ரம்மியில் ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. முறை வரும்போது ஒன்று எடுக்கவேண்டும், ஒன்று போடவேண்டும். நடுவில் கவிழ்த்து வைத்த சீட்டுக் கட்டில் இருந்தும் எடுக்கலாம், உனக்கு முந்தின ஆள் இப்போது போட்டதையும் எடுக்கலாம். ஒரே சாதிச் சீட்டு குறைந்தது மூன்று வரிசையாக வரவேண்டும், சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் என்றால் ஆட்டின் அஞ்சு, ஆறு, ஏழு, ஜோக்கர் கலக்காமல். அதற்கு ஒரிஜினல் என்று பெயர். அது ஒன்று கையில் இருந்தால்தான் மற்றதற்கு மதிப்பு. அப்புறம் இன்னொரு வரிசை, அதில் ஜோக்கர் வைத்துக்கொள்ளலாம். மிச்சம் மூன்று ராணி, மூன்று ரெண்டு என்று ஒரே நம்பர் சேர்ந்தாலும் போதும். பதிமூன்றும் சேர்ந்துவிட்டால் மிச்சச் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு டிக் என்று சொல்லிக் கையை விரிக்கவேண்டும். மற்றவர்கள் தங்கள் கையில் சேராமல் கிடக்கிறதை எண்ணிச் சொல்லுவார்கள், ராஜா ராணி ஜாக்கி ஏஸ் பத்து பத்து, மற்றது அதன் நம்பர், ஜோக்கருக்கு ஒன்றும் இல்லை. எண்ணிக்கை கூடினவன் தோற்றவன், இருநூற்றொன்று எட்டினால் வெளியே. ஒரிஜினல் இல்லாதவனுக்கு மற்ற எல்லாம் அழகாகச் சேர்ந்திருந்தாலும் அத்தனை சீட்டும் எண்ணிக்கைக்கு வரும், எண்பதைத் தாண்டினால் எண்பதோடு நிறுத்துவோம், அதற்கு ஃபுல். சேராத கையைச் சேர்ந்துவிட்டது என்று டிக் சொன்னவனுக்கும் ஃபுல்தான். கை மோசம் என்றால் தொடக்கத்திலேயே கவிழ்த்துவிட்டு இருபதோடு தப்பிக்கலாம், கொஞ்சம் ஆடிப் பார்த்துவிட்டுப் பாதியில் கவிழ்த்தால் நாற்பது. இது போதும்.

நான் ஆட்டின் அஞ்சு ஆறு ஏழு வைத்துக்கொண்டு பெரிய சத்தமாக டிக் என்று சொல்லி விரித்தேன். ஏழு ஆட்டின் இல்லை, டைமன். உன் அம்மையின் கண்ணாடியில் சிவப்பு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. கிளீட்டஸ் தொடையைத் தட்டிக்கொண்டு, வே கண்டக்டரே, செல்லாத டிக்கெட்டக் குடுத்து ஆளை ஏத்தின பழக்கம் ரிட்டயர் ஆகியும் போகலியே என்றான். கிருஷ்ணமணி, பஜ்ஜிக்கு இன்னைக்கே சொல்லி வச்சிரும், மாவு தீந்துரும் என்றார். முப்பத்தொரு வருசம் பஸ்ஸில் சில்லறை எண்ணினவன் ஒரு சீட்டைப் பார்க்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஆபேல் சம்மந்தி சிரிக்கவில்லை. நோட்டில் பாயிண்ட் எழுதுகிறவர் அவர்தான். பேனாவை எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டு, விடும், கண்ணாடி மாறிப்போச்சு, இந்தக் கையை எழுத வேண்டாம் என்று சீட்டை வாரிக் கலக்கத் தொடங்கிவிட்டார். கிளீட்டஸ் சண்டைக்கு வந்தான், எனக்கு மட்டும் போன மாசம் எழுதினீரே, அப்போ கண்ணாடி இல்லையா என்றான். சம்மந்தி கலக்கிக்கொண்டே இருந்தார்.

அது எனக்கு நெருடியது. அவரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. சம்மந்தி ஆவதற்கு முன் நாலு வருசம் நாங்கள் சீட்டுக் கூட்டாளிகள். அவர் தன் கையைத் தானே எண்ணிச் சொல்லுவார், யாரும் எட்டிப் பார்க்கவேண்டியது இல்லை. ஒரு தடவை முப்பத்தாறு என்று சொல்லி எழுதிவிட்டு எழுந்தார், மறுநாள் காலையில் பஸ் ஏறி நெய்யூருக்கே வந்து, வாசலில் நின்று, வே ஒரு ராணி நாற்காலிக்கு அடியில் கிடந்தது, நாப்பத்தாறுன்னு திருத்திரும் என்றார். நோட்டு அவர் வீட்டில்தான் இருந்தது, அதுகூட அவருக்கு ஓர்மை இல்லை. இந்த மனுசன் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுக்கலாம் என்று நான் முடிவு பண்ணினது அந்தப் பத்துப் பாயிண்டில்தான் மக்களே. மற்றவர்கள் வேலையும் படிப்பும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள், நான் தகப்பனைப் பார்த்துவிட்டேன், போதும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த கை போட்டோம். எனக்கு முந்தின ஆள் சம்மந்திதான், அவர் போடுவதை நான் எடுக்கலாம். மறுபடியும் எனக்கு ஆட்டின் அஞ்சு இருந்தது. அவர் ஆட்டின் ஆறு போட்டார், எடுத்துக்கொண்டேன். இனி ஏழோ நாலோ வந்தால் என் ஒரிஜினல் முடிந்தது, மற்ற எல்லாம் தயார். ஒருவன் எதை எடுத்தான் என்று பார்த்தால் அவனுக்கு எது வேண்டும் என்று தெரியும், சீட்டில் பாதி விளையாட்டு அதுதான். ஆட்டின் ஆறு எடுத்தவனுக்கு யாரும் ஏழைப் போடமாட்டார்கள், கையில் கிடந்து அழுகினாலும் பிடித்து வைத்துக்கொள்ளுவார்கள். சம்மந்தி என்னை ஒரு தடவை பார்த்தார், பைய ஆட்டின் ஏழை எடுத்து மேசையில் வைத்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கிளீட்டஸிடம் எடே இது ஆட்டின்தானே என்று கேட்டுவிட்டுத்தான் டிக் சொன்னேன். எல்லாரும் கையை விரித்தார்கள். சம்மந்தி கையில் ஆட்டின் எட்டும் ஒன்பதும் தனியாகக் கிடந்தன. ஆறு ஏழு எட்டு ஒன்பது என்று நாலும் வரிசையாக வைத்திருந்த மனுசன், அவருடைய ஒரே ஒரிஜினல், அதை உடைத்து எனக்குத் தந்திருக்கிறார். எண்ணிப் பார்க்காமலே நோட்டில் அவர் பேருக்கு நேரே ஃபுல் என்று எழுதினார். கிளீட்டஸ் அந்த எட்டையும் ஒன்பதையும் பார்த்தான், செருப்பைத் தேடினான். அவனும் கிருஷ்ணமணியும் அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. சம்மந்தி, சீட்டு தெரிஞ்ச ஆளு செய்யற வேலையா இது, எதுக்கு அந்த ஏழைப் போட்டீரு என்றேன். அவர் சீட்டை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டார், கழற்றினார், திரும்பவும் போட்டார். அப்புறம், நீரு இன்னைக்காவது சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவீருன்னு போட்டேன் என்றார். மூணு சனிக்கிழமையா உம்ம மூஞ்சியப் பாக்க முடியல, சொல்லவும் முடியல என்றார். நான் சர்க்கரை டெஸ்டில் அவருக்கு ஏதோ வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் சொன்னார். நீ அவர் மகன் பெனிஷ் வீட்டில் இல்லை, ஏழு வாரமாக உன்கூட வேலை பார்க்கிற ஒரு பெண் வீட்டில் இருக்கிறாய் என்றும், அவன் கை நீட்டியிருக்கிறான் என்றும், ஒரு தடவை இல்லை என்றும் சொன்னார். அவன் போன் பண்ணி, உங்க சம்மந்திகிட்டச் சொல்லி அவளைத் திரும்பி வரச் சொல்லுங்க, அப்பன் சொன்னா கேப்பா என்றானாம். அதைத்தான் அவர் மூன்று வாரமாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எனக்குச் சீட்டு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் பிள்ளைதான், நான் வளத்ததுதான் என்று ரெண்டு தடவை சொன்னார். அப்போது உன் மாமியார் சகாயசெல்வி அடுக்களை வாசலில் வந்து நின்றாள், எவ்வளவு நேரமாக நின்றாளோ, கையில் துவைக்கிற சோப்பு அப்படியே இருந்தது. அண்ணே, பிள்ளையத் திரும்பி வரச் சொல்லி எழுதிராதீங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், உள்ளே போய்விட்டாள்.

நான் ரயில் ஸ்டேசன் வரை நடந்தே வந்தேன், பஸ் ரெண்டு போயிற்று, கைகாட்டவில்லை. நடக்க நடக்க ஒவ்வொன்றாக ஓர்மை வந்தது. வீடியோவில் முன்பெல்லாம் உனக்குப் பின்னால் பச்சைத் திரை இருக்கும், இப்போது வெறும் வெள்ளைச் சுவர், உன் அம்மை, வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கா போல, கொள்ளாம், நல்லா இருக்கு என்றாள், நானும் தலையாட்டினேன். மாப்பிள்ளை எங்கே என்றால் டியூட்டி என்பாய், ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி, ஈஸ்டருக்கும் டியூட்டி. போன மாசம் நீ விளித்து ஒன்றும் பேசாமல் சும்மாதான் அப்பா என்றாய், நான் ரப்பர் விலையும் பேச்சிப்பாறையில் தண்ணி திறந்துவிட்ட கதையும் பத்து நிமிசம் சொல்லிவிட்டு வைத்தேன். மேசையில் மூன்று பேர் எதைப் போடுகிறார்கள், எதை எடுக்கிறார்கள் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறவன், சொந்த மகள் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டியும் பார்க்கவில்லை. உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எதற்கு அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்கவும் மாட்டேன். மாமனார் வாயால் கேட்டதுதான் கொஞ்சம் வலித்தது, அதுவும் போய்விடும்.

இனி நான் சொல்லுகிறதைக் கேள், புத்தி சொல்லுகிறேன் என்று நினைக்காதே, என் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது, எனக்குத் தெரிந்த கணக்கில்தான் சொல்ல முடியும். பாதியில் கையைக் கவிழ்க்கிறவனுக்கு நாற்பது என்று மேலே எழுதினேன் அல்லவா. கவிழ்க்கிறவனை நாங்கள் யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லுவதில்லை. இன்னும் ஒரு சீட்டு எடுத்தால் சேர்ந்துவிடும், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று பிடித்துக்கொண்டு இருந்து கடைசியில் எண்பது வாங்குகிறவனைத்தான் பார்த்துப் பாவம் என்போம். மூன்று வருசம் ஆடிப் பார்த்துவிட்டாய், போதும். சபையில் நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும், கமிட்டியில் இருந்து என்னை எடுத்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டியல் எண்ணுகிற வேலை மிச்சம். அங்கேயே இருந்து வேலை பார்ப்பது என்றால் பார், கொஞ்ச நாள் இங்கே வந்து இருப்பது என்றால் வா, எது உனக்குச் சரியோ அது. யாரிடமும் காரணம் சொல்லிக்கொண்டு வரவேண்டியது இல்லை. திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினால் நான் நிற்பேன். அம்மையிடம் நான் இன்னும் சொல்லவில்லை, அது நீ சொல்லவேண்டியது, நான் சொல்லட்டும் என்றால் ஒரு வார்த்தை எழுது. ரெண்டு நாளாக என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, சீட்டுல தோத்துட்டு வந்திருக்கீங்களா என்று அவளே முதல் தடவையாகச் சீட்டு என்கிற பேச்சை எடுத்துவிட்டாள், ஆமா என்று சொல்லி வைத்திருக்கிறேன், வெகுநாள் தாங்காது. அவளுக்கு வெப்ராளம் வரும், பதறுவாள், அழுவாள், பிறகு உன் அறையைத் தூத்துப் பெருக்கத் தொடங்கிவிடுவாள், எனக்கு அவளைத் தெரியும்.

ஆபேல் சம்மந்தியை நீ தவறாக எண்ணவேண்டாம். வருகிற சனிக்கிழமை போவேனா என்று தெரியவில்லை. போகாமல் இருந்தால் அவர் தன்னால்தான் என்று நினைப்பார், போனால் நாலு பேரும் சீட்டைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும். பஜ்ஜி வாங்கவேண்டியது என்னவோ அவர்தான், ஃபுல் வாங்கினாரே.

பெபிஷாவின் பெட்டியில் சிப்ஸ் ரெண்டு பாக்கெட், நல்லமிளகு, உன் அம்மை பொடித்த மீன்கறி மசாலா இருக்கிறது, உடைந்திருந்தால் என்னைத் திட்டாதே, கட்டினது அவள். ஒன்று மறக்காதே, பாஸ்போர்ட், நர்சிங் சர்ட்டிபிகேட், நகை எதுவும் பெனிஷ் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால் தனியாகப் போய் எடுக்காதே, யாரையாவது கூடக் கூட்டிக்கொண்டு பகலில் போ. வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் தலையை மூடிக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார் மக்களே, உன் பெயரைச் சொல்லித்தான் நாங்கள் ரெண்டு பேரும் தினமும் ஜெபத்தை முடிக்கிறோம். இந்தக் கடிதம் கிடைத்ததும் போனில், சிப்ஸ் நல்லா இருந்துச்சு அப்பா என்று மட்டும் சொல், நான் புரிந்துகொள்ளுகிறேன்.

உன்னை எப்போதும் நினைக்கிற அப்பா,
ஜெ. ஜெயசிங்.

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டுத் திரும்பவும் பிரித்தேன். தகப்பனைப் பார்த்துவிட்டேன், போதும் என்று திரிந்ததாக மேலே எழுதியிருக்கிறேன், அது முழுக்க உண்மை இல்லை. உன் கலியாணத்துக்கு ஒன்றரை மாசம் இருக்கும்போது, கிருஷ்ணமணி வராத ஒரு சனிக்கிழமை பெனிஷ் நாலாவது கையாக எங்களோடு உட்கார்ந்தான். கிளீட்டஸ் டிக் சொன்னான். பெனிஷ் கையில் ஒரிஜினல் இல்லை, ராஜாவும் ராணியும் ஏஸும் தனியாகக் கிடந்தன, ஃபுல் அவனுக்கு. அவன் சீட்டைக் கட்டில் செருகிவிட்டுப் பதினாறு என்றான். சாயா கொண்டுவந்து பின்னால் நின்ற சகாயசெல்வி பார்த்துவிட்டு, எடே ராஜா ராணி எல்லாம் வச்சிருந்தியே என்று சிரித்தாள். அவன் திரும்பி அவளிடம் ஒரு வார்த்தை சொன்னான், சத்தமாகக்கூட இல்லை, அதை இங்கே எழுத எனக்கு மனசு இல்லை. அவள் சாயாவைக் கொடுக்காமலே தட்டோடு உள்ளே போனாள். சம்மந்தி தலையைத் தூக்காமல் பதினாறு என்று எழுதினார், பத்துப் பாயிண்டுக்காக பஸ் ஏறி வந்த அதே மனுசன். நான் பார்த்தேன். அடுத்த கை எனக்கு நன்றாக வந்தது, ஆடினேன். அதற்கப்புறம் நம்ம சபையில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசித்தார்கள், இவர்கள் கலியாணத்துக்குத் தடை உண்டென்று யாருக்காவது தெரிந்தால் சொல்லவேண்டும் என்று போதகர் மூன்று தடவையும் கேட்டார். மூன்றாவது ஞாயிறு நீ பெண்கள் பக்கத்தில் இருந்து திரும்பி என்னைப் பார்த்தாய், சும்மாதான் பார்த்தாயோ என்னவோ. நான் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினேன். எனக்கு ஒரு தடை தெரியும், அந்தப் பதினாறை நான் பார்த்தேன் என்று நான் அன்றைக்கு எழுந்து சொல்லவில்லை.